ஆடாத பேரிங்

பிஸ்கட் கம்பெனி ஸ்டோர் அலமாரியில் ஒரே அளவில் இரண்டு பேரிங்குகள் இருந்தன. ஒன்று இறுக்கன், இன்னொன்று நெகிழன். நெகிழனை எடுத்துக் குலுக்கினால் உள்ளே குண்டுகள் லேசாக ஆடும். அதைப் பார்த்தாலே இறுக்கனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தம்பி, என்னைப் பாரு! உள்ளே ஒரு முடி நுழைய இடமிருக்கா? பேரிங்னா இப்படி இருக்கணும்!"

"என் வார்ப்பே இப்படித்தான் அண்ணே" என்றது நெகிழன்.

அன்று பேரிங் தேய்ந்து, பிஸ்கட் சுடும் அடுப்பின் காற்றாடி நின்றுபோனது. ஓடிவந்த ஃபிட்டர் செலஸ்டின் இரண்டையும் குலுக்கிப் பார்த்து, ஆடாத இறுக்கனை எடுத்துக்கொண்டார். இறுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. காற்றாடித் தண்டில் ஏறியதும், "பறக்கிறேன் பாரு!" என்று கத்தியது.

அடுப்பு சூடேறச் சூடேறத் தண்டு உப்பியது. குண்டுகள் உருள இடமே இல்லை. இறுக்கன் போட்ட அலறலில் பிஸ்கட் அடுக்கியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

செலஸ்டின் அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு நெகிழனை எடுத்தார்.

"அங்கே போயாவது ஆடாம நில்லுடா தம்பி!" என்று இறுக்கன் கத்தியது.

மறுபடி அடுப்பு சூடேறியது, தண்டு உப்பியது. நெகிழனுக்குள் இருந்த கொஞ்சம் இடம் அதற்குச் சரியாகப் போனது. காற்றாடி சத்தமே இல்லாமல் சுற்றியது.

பட்ட சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்த இறுக்கன் துள்ளி எழுந்து பக்கத்திலிருந்த கிரீஸ் டப்பாவை இடித்தது.

"கேட்டியா? துளி ஆட்டம் இல்ல! எல்லாம் நான் சொல்லி அனுப்பினது!"