மாமியாருக்குப் போய்ச் சேராத செய்திகள்

மாமியார் காலையிலிருந்து சரியாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

மாமியார் என்பது அந்த அலுவலகத்து லாக் சர்வரின் பெயர். யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் எழுந்தது, படுத்தது, தும்மியது, யாரை உள்ளே விட்டது, யாரை வாசலோடு திருப்பி அனுப்பியது என்று ஒன்று விடாமல் அதனிடம் ஒப்பிக்க வேண்டும். வேறு என்ன பெயர் வைப்பது?

இன்றைக்கு ஒப்பிக்கப் போனவை ஒரு தடவை போய்ச் சேர்ந்தன. மறு தடவை முட்டிக்கொண்டு திரும்பி, 'அனுப்ப முடியவில்லை' என்று சிவப்பு எழுத்தில் அழுதன.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். சர்வருக்காக அல்ல. சாயங்காலம் அவள் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். கல்யாணமான பிறகு முதல் தடவையாக அத்தை, அதாவது புருஷனைப் பெற்ற அத்தை, வீட்டில் தங்க வருகிறார். புருஷனோ வெளியூரில்.

கல்யாணத்தன்று அத்தை அவளைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். பொண்ணு எப்பவும் வேலை வேலைன்னு இருப்பா போல. அதை அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். இன்றைக்குத் தாமதமாகப் போய் நின்றால் அத்தை சொன்னது உண்மையாகிவிடும்.

போதாக்குறைக்குப் போன வாரம் ஒரு கூத்து நடந்திருந்தது. அவள் போனில் அத்தைகளுக்குப் பஞ்சமில்லை, அப்பாவின் தங்கைகளே மூன்று பேர். ரூம் ரெடி, எப்ப வர்றீங்க என்று இந்த அத்தைக்குப் போட வேண்டியதை அப்பாவின் கடைசித் தங்கைக்குப் போட்டுவிட்டாள். அவர் பையைக் கட்டிக்கொண்டு வந்து ஆசை தீரத் தங்கிவிட்டுப் போனார். புருஷன் தலையில் அடித்துக்கொண்டு, போனை வாங்கி ஏதோ சரிசெய்து கொடுத்தான். இனிமேல் குழப்பமே வராது என்றான்.

சர்வர் அறையின் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப், ஒரு கையில் கேபிள், இன்னொரு கையில் போன். மாடியில் இருக்கும் சக ஊழியனை, ஆளின் உயரத்தை வைத்து எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். அவனுக்கும் அவளுக்கும் மேனேஜருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதற்கும் மாமியார் என்றுதான் பெயர்.

போனில் மாமியாரைத் தேடித் தொட்டு எழுதினாள்.

'மாமியார் உயிரோட இருக்கான்னு முதல்ல பாரு.'

பதில் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். பயனில்லை.

'என்ன சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்குது. வயசாயிடுச்சு.'

அதற்கும் பதில் இல்லை. ஒட்டகம் டீ குடிக்கப் போயிருக்கும். மணி ஓடியது. கோபம் தலைக்கேறியது.

'சாயங்காலத்துக்குள்ள வழிக்கு வரலன்னா ஒரேயடியா ஆஃப் பண்ணிட வேண்டியதுதான்.'

அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு மாமியாரின் பெயர்தான் தெரியும். விலாசத்தை ஒரு பட்டியலில் பார்த்துத்தான் அனுப்பும். பட்டியலைத் திறந்தாள்.

மாமியார் என்ற பெயருக்கு நேராக இரண்டு விலாசங்கள்.

நேற்று சர்வரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபோது, புது விலாசத்தை எழுதிய புண்ணியவான் ஒட்டகம், பழையதை அழிக்காமல் விட்டிருக்கிறான். பழைய விலாசத்தில் இப்போது குடியிருப்பது கணக்குப் பிரிவின் பிரிண்டர். காலையிலிருந்து வீட்டு வம்பில் பாதி அந்தப் பிரிண்டரிடம் போயிருக்கிறது. அது எனக்கெதற்கு என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியிருக்கிறது.

பழைய வரியை அழித்தாள். சற்று நேரத்தில் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக அடங்கின. மாமியார் சமர்த்தாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேரை வைத்தால் எது யாரிடம் போகும் என்று யோசிக்க வேண்டாமா? படித்தவன் செய்கிற வேலையா இது? ஒட்டகம் வரட்டும், நன்றாகக் கொடுக்கலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இப்போது கிளம்பினால் பஸ் வருமுன் போய்விடலாம்.

கதவில் தலை இடிக்காமல் குனிந்து ஒட்டகம் உள்ளே வந்தான்.

"என்னங்க, சரியாயிடுச்சா? குரூப்ல நீங்க ஒண்ணுமே போடலையே?"

அவள் போனைப் பார்த்தாள்.

புருஷன் போன வாரம் எதைச் சரிசெய்து கொடுத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. போனில் இருந்த அத்தைகளில் ஓர் அத்தையை அவன் மாமியார் ஆக்கியிருந்தான்.

மூன்று செய்திகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. படித்ததற்கு அடையாளமாக மூன்றின் ஓரத்திலும் நீலக் குறி. கீழே, இப்போதுதான் வந்த பதில்:

'உயிரோடதான்மா இருக்கேன். காதும் நல்லாவே கேக்குது. பஸ் இன்னிக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்துடுச்சு. ஆஃப் பண்றதை மட்டும் சாப்பிட்டதுக்கு அப்புறம் வச்சுக்கலாமா?'