அஷ்டமியில் ஒரு முகூர்த்தம்

வேம்பு மாமா மாடிப்படியில் நின்றது காற்று வாங்க மட்டுமல்ல. எதிர் ஃபிளாட் சாருலதா மாமி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அமாவாசை வேண்டவே வேண்டாம், போன தடவை பட்டதே போறும். தேய்பிறை அஷ்டமிதான் சரி. அஷ்டலட்சுமி கோயில் கிட்டதானே? பேர் எழுதிக்கோங்கோ!"

மாமியின் பெண் மஹதிக்குப் போன வருஷம் நிச்சயதார்த்தத்தோடு கல்யாணம் நின்றுபோனது. அதற்காக அஷ்டமியிலா முகூர்த்தம் வைப்பது!

அடையாறு முழுக்கச் சேதி சொல்லிவிட்டு, அந்த அஷ்டமியன்று விடிந்தும் விடியாததுமாகத் தடுத்து நிறுத்த ஓடினார் மாமா. கோயிலுக்குப் பின்னால், கடற்கரை மணலில், மஹதி துண்டோடு நின்றாள்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"எந்த மாப்பிள்ளை? டிரையத்லான் போட்டி மாமா. நீச்சல், சைக்கிள், ஓட்டம். அம்மா அதோ!"

அலைகளுக்கு அப்பால் ஒரு மஞ்சள் தொப்பி, ஆரஞ்சு மிதவையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அமாவாசையில சூரியனும் சந்திரனும் ஒண்ணா சேர்ந்து கடலை இழுக்கும். போன தடவை நீரோட்டம் அம்மாவை மிதவைகிட்டயே விடலை, படகுல தூக்கிண்டு வந்தா. அஷ்டமியில ரெண்டும் ஆளுக்கொரு பக்கம், கடல் கொஞ்சம் சாது. இன்னிக்கும் முடியலைன்னா நீச்சலையே விட்டுடறேன்னு சொல்லியிருக்கா."

மாமா அண்ணாந்தார். உச்சியில் பாதி நிலா. எதிரே சூரியன் எழுந்துகொண்டிருந்தது. இரண்டும் விட்டுக்கொடுத்த தண்ணீரில், அறுபது வயது மாமி மிதவையைச் சுற்றிக் கரைக்குத் திரும்பினாள்.

அஷ்டமியில் புதுச் சட்டைகூடப் போடாத வேம்பு மாமா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

கோயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.