கிளிப்பின் மேல் கொள்ளை ஈ

கொடியில் மிச்சமிருப்பது என் மகளின் மஞ்சள் கவுன் மட்டும்தான். அதன் கிளிப்பின் மேல், மற்ற பூச்சிகளை வேட்டையாடும் ஒரு கொள்ளை ஈ உட்கார்ந்து, தலையை மட்டும் இங்குமங்கும் வெட்டித் திருப்புகிறது. வாசலில் நிற்கும் காரின் ஓட்டுநர் மறுபடியும் ஹாரன் அடிக்கிறார். ஈ சட்டென்று பாய்ந்து, பறந்துபோன தேனீயைக் கவ்விக்கொண்டு அதே கிளிப்புக்குத் திரும்புகிறது. தேனீ உதறுகிறது, ஈயின் முகத்திலுள்ள முரட்டு முடி அதைத் தாங்குகிறது. கூர்வாய் இறங்குகிறது. அதன் எச்சில் தேனீயை உள்ளுக்குள் கரைக்க, கரைந்ததை ஈ உறிஞ்சுகிறது. "அப்பா, அதுக்கு உன்னை மாதிரியே மீசை!" என்கிறாள் மகள். "உங்கப்பாவுக்கு இருக்கறது மீசை இல்லடி, புதர்," என்கிறாள் என் மனைவியின் தங்கை, மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தபடி. மனைவி இறந்த பிறகு நான் சமைப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. மகள் இனி தன் வீட்டில் வளரட்டும் என்று சித்தி சொன்னதற்கு நேற்று நான்தான் தலையாட்டினேன். ஈ தேனீயைக் கீழே போடுகிறது. மகள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள். இறக்கை, கால், கோடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. "கனமே இல்லப்பா. உள்ள ஒண்ணுமே இல்ல போல." சித்தி கவுனுக்குக் கை நீட்ட, ஈ எழும்பிச் சுற்றுகிறது.

"அதை எடுக்காத. இன்னும் காயல," என்கிறேன்.

அவள் துணியின் ஓரத்தை விரல்களால் நெருடிப் பார்க்கிறாள். சருகாகக் காய்ந்திருக்கிறது. என் முகத்தைப் பார்க்கிறாள். மறுபடியும் ஹாரன்.

"ஆமா அத்தான், ஈரமாத்தான் இருக்கு," என்று சொல்லிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டுநரைத் திருப்பி அனுப்ப வாசலுக்குப் போகிறாள்.