வெளியே தெரியும் முடிச்சு

காஞ்சனா புதுத் துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறாள். உருகாமல் சாம்பலாகிறது; பருத்திதான். நகரி ஊரில் தறி ஓடும் வீடுகளில் எரித்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் நம்புவதில்லை. திருமலைக் குளிரில் இரவுக் காவல் பார்க்கும் கணவனுக்கு அவளே கோட்டு தைக்கப்போகிறாள். அளவுக்காகப் பழைய கோட்டைப் பிரிக்கும் கத்தரி, அக்குளில் வந்து நிற்கிறது. அங்கே இருந்த கிழிசலை யாரோ நீல நூலால், கையால், பொடிப்பொடியாகத் தைத்திருக்கிறார்கள்.

"இத யாருங்க தச்சது?"

"மலைமேல ஒரு டெய்லரு," போனைப் பார்த்தபடியே சொல்கிறான் விஜயராகவன்.

டெய்லர் என்றால் கோட்டைக் கழற்றி வாங்கி, உள்பக்கம் திருப்பி, மிஷினில் ஓட்டியிருப்பார். இதில் முடிச்சு வெளியே இருக்கிறது. நூலின் நுனி பல்லில் கடிபட்டு நைந்திருக்கிறது. உடம்பில் போட்டிருக்கும்போதே தைத்த தையல். பக்கத்து வீட்டு விசைத்தறி விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வெயில் அந்த நீல முடிச்சின்மேல் ஏறுகிறது. காஞ்சனா அதை அறுக்காமல் தள்ளி வைத்துவிட்டு, புதுத் துணியை அளவாக வெட்டி, அதன் அக்குளை இரண்டாக மடித்து மிஷினில் கொடுக்கிறாள்.

"எதுக்கு ரெட்டைத் தையலு? ஒண்ணு போதாதா?"

"போதாதுங்க. இனிமே இது கிழியாது. அந்த டெய்லருகிட்ட சொல்லிடுங்க."