ஞாயிறு மூன்று மணி அறிவிப்பு

“அடுத்த வாரத்து நிகழ்ச்சியை வாசிக்க ஏழு நிமிஷமா, மலர்? தூக்கத்துல எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்கு.”

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது அந்தப் பொது வானொலி நிலையம். தமிழ்ப் பிரிவின் தலைவர் சிவநேசன், மலர் வாசித்த ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மலரைத் தவிர எல்லாரும் சிரித்தனர்.

பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த அறிவிப்பாளர் மலர். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, வரும் வாரத்தின் செய்தி, கலை நிகழ்ச்சிகளின் பட்டியலை நேரலையில் வாசிப்பார். ஒரு வாக்கியம். பிறகு மௌனம். மீண்டும் ஒரு வாக்கியம்.

“கேக்குறவங்க எழுதிக்கிறாங்க, சார்.”

“இந்தக் காலத்துல யாரு எழுதுறா? இது என்ன, ஒண்ணாம் வகுப்புச் சொல்வதெழுதுதலா?”

மறுபடியும் சிரிப்பு.

“சத்தமில்லாத ஒவ்வொரு செகண்டும் வீண்லா. இனிமே அட்டவணைய போஸ்டரா செஞ்சு நம்ம இணையப் பக்கத்துல போட்டுடுவோம். வேணுங்கிறவங்க பார்த்துக்கட்டும்.”

அவர் கையிலிருந்த அடுத்த காலாண்டுத் திட்டத்தின் அட்டையில் ‘எல்லோரையும் எட்டும் குரல்’ என்று அச்சாகியிருந்தது. அந்த வாசகம் அவரே எழுதியது. அன்று மாலை மலரின் கைப்பேசிக்குப் போன வாசகமும் அவரே எழுதியது: ‘உங்கள் ஒப்பந்தம் ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. புதுப்பிக்க இயலவில்லை. நன்றி.’ நன்றிக்குப் பக்கத்தில் ஒரு கைகூப்பும் பொம்மை.

திட்டம் போட்டதில் சிவநேசனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஞாயிறு பிற்பகல் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றவர்கள் நடத்தும் ஓர் உடம்புப்பிடி நிலையத்துக்குப் போனார்.

கட்டிலில் முகத்துக்கென்று ஒரு துளை. அதில் முகம் பதித்துக் கவிழ்ந்து படுத்தார். இஞ்சியெண்ணெய் மணத்தது. வாசு என்பவரின் விரல்கள் கழுத்தில் இறங்க இறங்க, கீழே தெரிந்த தரை மெல்லத் தண்ணீராகி அசைந்தது. வெளியே மழை. மழைக்கு மேலே எங்கோ ஒரு ரயில், எந்த அவசரமும் இல்லாமல் கரைந்து போயிற்று.

அறையின் மூலையில் வானொலி பேசியது.

“திங்கள், காலை ஒன்பது மணி. கிள்ளான் துறைமுகத் தொழிலாளர்கள் பற்றிய செய்தித் தொகுப்பு.”

மலரின் குரல். வாசுவின் விரல்கள் சட்டென்று விலகின.

“ஏழு நிமிஷம் பொறுத்துக்குங்க, பாஸ். அப்புறம் பத்து நிமிஷம் சேர்த்துப் பிடிச்சு விடுறேன்.”

டக், டக், டக்.

அது மழையின் சத்தமில்லை. சிவநேசன் தலையை ஒருக்களித்துப் பார்த்தார். தடித்த தாளை ஓர் உலோகச் சட்டத்தில் மாட்டி, சிறிய ஊசியால் வலமிருந்து இடமாகப் பிரெய்ல் புள்ளி குத்திக்கொண்டிருந்தார் வாசு.

“செவ்வாய், மாலை நான்கு மணி. உறுமி மேளக் குழுவினருடன் ஒரு சந்திப்பு.”

டக், டக், டக். கடைசிப் புள்ளி விழுந்ததும் அடுத்த வாக்கியம் வந்தது. அவரும் முந்தவில்லை; இவரும் பிந்தவில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போலிருந்தது. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் மழையோடு சேர்ந்து சொட்டின. சிவநேசனுக்குக் கண் செருகியது. இறுதியில் ஏதோ எண்கள் கேட்டன. கனவுக்குள் ஒவ்வொன்றாக விழுந்தன.

விழித்தபோது வாசு தாளைத் திருப்பிப் பிடித்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் போன் படிச்சுக் காட்டுமே?” என்றார் சிவநேசன்.

“எல்லாத்தையும் படிக்கும், பாஸ். போஸ்டரா போட்டா மட்டும் ‘படம்’னு சொல்லிட்டு வாயை மூடிக்கும். இத நான் எழுதிக் கதவோரமா ஒட்டிடுவேன். இங்க ஆறு பேரு. வர்றப்ப தடவிப் பார்த்துட்டு, இன்னிக்கு எத்தனை மணிக்கு ரேடியோ போடணும்னு முடிவு பண்ணுவோம்.”

“வாசிக்கிறவங்க எப்படிச் சரியா நிறுத்துறாங்க?”

வாசு சிரித்தார். “நாலு வருஷத்துக்கு முன்ன ரேடியோவுக்குப் போன் அடிச்சு, ‘கொஞ்சம் மெதுவா வாசிங்கக்கா’ன்னேன். ‘எவ்ளோ மெதுவா?’ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? ‘போனைப் பக்கத்துல வெச்சுட்டு ஒரு வரி எழுதுங்க’ன்னாங்க. குத்துற சத்தத்தைக் கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் போனை வெச்சாங்க.”

சிவநேசன் எழுந்து உட்கார்ந்தார். கழுத்து இன்னும் திரும்பவில்லை.

“அடுத்த வாரத்துலேருந்து ரேடியோவுல இது இல்லையாம், பாஸ். கடைசியா ஒரு நம்பர் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அடிச்சா வாசிச்சுக் காட்டுவாங்களாம். நம்பர் மட்டும் தப்பாயிடக் கூடாது. நான் சொல்றேன், உங்க போன்ல போட்டுப் பாருங்க.”

விரலால் தடவி, ஒவ்வோர் எண்ணாக, இடைவெளி விட்டுச் சொன்னார் வாசு. சிவநேசன் அழுத்தினார். கடைசி எண்ணுக்கு முன்பே திரையில் பெயர் வந்துவிட்டது: மலர்.

“யாரு நம்பர், பாஸ்?”

வெளியே மழை விட்டிருந்தது.

“ரேடியோ நம்பர்தான்,” என்றார் சிவநேசன்.

“அதானே. எங்களையெல்லாம் விட்டுடுவாங்களா?”

ஒப்பந்தம் முடியும் நள்ளிரவுக்கு இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அவர் சொன்னது பொய்யில்லை.