கடுகளவு சிப்

“நாளைக்கு நீங்க ஆபீசுக்குப் போயாச்சுன்னா, நானும் மோளும் தனியாக்கும். இன்னைக்கும் அந்தக் கடுகு சிப்பைக் கட்டிட்டு அழுதியளே!” என்றாள் லிபி.

பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிடித்திருந்த சஜி, லென்ஸிலிருந்து நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். “ஃபேனைப் போட்டிராத. சிப்பு பறந்துபோவும்.”

“எனக்குக் கையில கட்டத்தானே? கடையில ஒரு வாட்சு வாங்கித்தந்தா போராதா?”

மறுபடியும் நிமிர்ந்து, தன் உதடு அவளுக்குத் தெரியும்படி சொன்னான். “இது கடையில கெடைக்காது, லிபி.”

வேலையை முடித்து, சிப் பதித்த பட்டையை அவள் மணிக்கட்டில் கட்டினான்.

அடுத்த அறையில் குழந்தை வீரிட்டது. வழக்கமாக ஓடிவந்து லிபியின் தோளைத் தொடுகிறவன், இப்போது அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

தொட்டிலில் அவன் கட்டியிருந்த மைக் அழுகையைப் பிடித்தது. பட்டை அதிர்ந்தது.

“மோளு அழுவுதா!” என்று கத்தினாள் லிபி.

காது கேளாத லிபி, யாரும் சொல்லாமலே தொட்டிலுக்கு ஓடினாள்.