தங்கக் கோடு போட்ட அட்டை

“ஏந்தம்பி, உன்ற பொண்டாட்டி பண்ணி வெச்சிருக்கிற வேலையைக் கொஞ்சம் வந்து பாரு!”

அக்கா சௌந்திரத்தின் குரல் கேட்டு, சரவணமுத்து தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அவள் கையில் கிழிந்த அட்டை ஒன்று. நடுவில் முட்டை வடிவில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தங்கக் கோடு.

இளம்பிள்ளை ஊரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த அட்டை அது. அந்த ஓட்டைக்குள் இருந்துதான் எட்டு மாதக் குழந்தை உண்ணாமலை இத்தனை வருஷமாகச் சுவர்ப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கழிவு நூல் கூடையில கெடக்குது. படத்தைப் பிச்செடுத்துட்டு அட்டையைக் குப்பையில போட்டிருக்கறா!”

சரவணமுத்து சுவரைப் பார்த்தார்; படம் தொங்கிய இடம் காலியாக இருந்தது. உண்ணாமலை அவருடைய மூத்த தாரம் நல்லம்மாள் பெற்ற பெண். பெண்ணுக்கு நடை பழகும் முன்பே நல்லம்மாள் போய்விட்டாள். அவளுக்கென்று ஒரு படமும் கிடையாது. அம்மா முகம் எப்படி இருக்கும் என்றே உண்ணாமலைக்குத் தெரியாது. அம்மா இருந்த காலத்துக்கு மிச்சம் இந்தக் குழந்தைப் படம் ஒன்றுதான்.

விடிந்தால் உண்ணாமலை புருஷன் வீடு போகிறாள். மாப்பிள்ளைக்கு மேட்டூர் அணை ஆபீசில் குமாஸ்தா வேலை. கொஞ்சம் நாகரிகமான ஆள். உங்கள் வீட்டுப் படங்களை ஒட்டி எடுத்து வா என்று தடித்த கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார்.

ஒட்டும் வேலையை இளைய தாரம் தெய்வநாயகி எடுத்துக்கொண்டாள். சேலைக்குக் கரை என்ன நிறம் என்று அந்த வீட்டில் சொல்வது எப்போதும் அவள்தான். ஜரிகைக் கட்டு சுற்றி வந்த ரோஸ் தாள், மத்தாப்புப் பெட்டிப் பூத்தாள், மில் துணியில் ஒட்டி வந்த மயில் லேபிள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வெட்டினாள். இரண்டு பக்கமும் கரை, மேலே முந்தானை, நடுவில் படம். பசைக்குத் தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி. மீசை வைத்த பெரியப்பாக்கள்கூட அந்த ஆல்பத்தில் சேலை கட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தார்கள்.

அடுப்படியிலிருந்து தெய்வநாயகி வந்தாள்.

“கொழந்தைப் படம் எங்க?” என்றார் சரவணமுத்து.

“ஆல்பத்துல ஒட்டிட்டனுங்க.”

“அட்டையை ஏன் கிழிச்சே?”

“பிரிக்கறப்பக் கிழிஞ்சு போச்சுங்க.”

“பிரிக்கச் சொல்லி யாரு கேட்டாங்க?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்து மூலையில் ஆல்பத்தின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருந்தாள். கஞ்சி காய்கிற வரை தாள் சுருங்கக் கூடாதாம்.

“பாத்தியா தம்பி? வாயைத் தொறக்க மாட்டேங்கறா. பெத்தவ நெனப்பு புள்ளைக்கு இருக்கப்படாதுன்னு வயித்தெரிச்சல். எத்தனை வருசம் வளத்தாலும் சின்னம்மா சின்னம்மாதான்.”

“நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நெனைக்கலை தெய்வநாயகி” என்றார் சரவணமுத்து.

நாத்தனார் பேசியதை அவள் தாங்கிக்கொண்டாள். இது தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“உண்ணாமலை வரட்டுமுங்க. அவதான் மொதல்ல பாக்கோணும்.”

சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு உண்ணாமலை வீடு திரும்பியபோது, கூடத்தில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“காஞ்சிருச்சு கண்ணு. எடுத்துப் பாரு” என்றாள் தெய்வநாயகி.

உண்ணாமலை குழவியை நகர்த்தி, ஆல்பத்தைத் திறந்தாள்.

முதல் பக்கம். ரோஸ் தாளில் இரட்டைக் கரை. நடுவில் அதே குழந்தை, அதே சிரிப்பு. ஆனால் குழந்தை தனியாக இல்லை. ஒரு பெண்ணின் மடியில் இருந்தது. இருபது வயதுகூட இருக்காது அவளுக்கு. இரண்டு கையாலும் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது யாருங்க சின்னம்மா?”

சரவணமுத்து குனிந்து பார்த்தார். அந்தச் சேலைக் கரை அவர் கையால் நெய்தது. முட்டை ஓட்டைக்குள் கரை வராததால், குழந்தைக்குப் பின்னால் இருப்பது படக்காரன் தொங்கவிட்ட துணி என்றே இத்தனை நாளும் இருந்துவிட்டார்.

“உன்ற அம்மா, சாமி” என்றார்.

உண்ணாமலை அந்த முகத்தை விரலால் தொட்டாள். தொட்டபடியே அழுதாள்.

“அட்டையோரமாக் கொழந்தை இடுப்புல ரெண்டு வெரல் தெரிஞ்சுதுங்க” என்றாள் தெய்வநாயகி மெதுவாக. “வெரல் இருந்தா ஆளும் இருக்கோணுமில்லீங்களா? ஈரத்துணியைப் போட்டு ஊற வெச்சுப் பிரிச்சேன்.”

சரவணமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோபம் வந்தது.

“பாவிப் படக்காரன்! இவ்வளவு லட்சணமா எடுத்துப்போட்டு, எதுக்கு அவளை மறைச்சு வெச்சான்?”

சௌந்திரத்தின் கையில் அந்த அட்டை இன்னும் இருந்தது. அவள் தங்கக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் மேல தப்பில்லை தம்பி” என்றாள். “ஆடி நோம்பிக்கு அவளையும் கொழந்தையையும் படம் எடுக்கச் சேலம் கூட்டிட்டுப் போனவ நானு. எனக்கு மடி காலியாக் கெடக்க, அவ மடியில புள்ளையோட சிரிக்கறதைப் பாக்கப் பொறுக்காம, கொழந்தை மட்டும் தெரியற மாதிரி இந்த அட்டையைப் போடச் சொன்னவ நாந்தான்.”